முனைக்கு அப்பால் விட்ட கொடுவாக் குஞ்சுகள்

மீன் லொறி என்றால் எங்கள் ஊரில் லொறிக்கு முன்னால் மணம் வந்துவிடும். கொடுவாக் குஞ்சுகளைக் கொண்டுவந்த லொறிக்கு மணமே இருக்கவில்லை. பின்கதவைத் திறந்தபோது பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. பெட்டிக்குள் பொலித்தீன் பை, பைக்குள் பாதி தண்ணீர், பாதி ஒக்சிசன். தண்ணீருக்குள் சுண்டுவிரல் நீளத்தில் மண்ணிறக் குஞ்சுகள். மூக்கிலிருந்து முதுகுவரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

பக்கத்து வீட்டு ராத்தா ஒரு பையைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு பேர் வந்து நிக்கிறோம்? பொரிச்சா பல்லுக்குள்ள சிக்கி நிண்டிரும்."

ராத்தா என்றால் அக்கா, ஆனால் இவர் எனக்குச் சொந்தமில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வள்ளத்தில் வந்து எங்கள் பக்கத்தில் இறங்கியவர். காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். அது எட்டு மணிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஊரில் எது நடந்தாலும் அங்கே ராத்தாவைக் காணலாம். கரையிலேயே குடியிருந்தும் அந்த ஒரு பயணத்துக்குப் பிறகு அவர் வள்ளத்தில் ஏறியதில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "ஏறினது போதும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

நாங்கள் இருப்பது எத்தாளையில், களப்புப் பக்கம். கிழக்கே கடல்நீர் உள்ளே ஏறி நிற்கும் களப்பு, மேற்கே கடல், நடுவில் வெங்காயமும் மிளகாயும். என் கணவர் பாலாவியில் உப்பு லொறி ஓட்டுகிறார். விடிய முன் போனால் பொழுதுபடத்தான் வருவார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகு எனக்கும் கொஞ்சம் நேரம் மிஞ்சும். நான் தொண்டர் ஆனதற்குக் காரணம் அவ்வளவுதான். மீன் மேல் எனக்குத் தனிப்பட்ட அக்கறை எதுவும் அப்போது இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். களப்பில் கொடுவாக் குஞ்சு விடப்போகிறார்கள், உதவிக்கு ஆட்கள் தேவை, விருப்பமானவர்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வரலாம். மண்டபத்தில் பேசியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மீன்வளர்ப்பு அலுவலகத்திலிருந்து வந்த இளம் பெண் உத்தியோகத்தர். சிலாபப் பக்கத்துச் சிங்களப் பெண், ஆனால் தமிழ் கதைப்பார். மற்றவர் கொழும்பில் பல் வைத்தியம் பார்க்கிறவர். தூண்டில் போடுவதற்காகவே சனிக்கிழமைகளில் கற்பிட்டிப் பக்கம் வருபவர். அவரையும் அவருடைய கூட்டாளிகளையும் எங்களுக்குத் தெரியும். கழுத்துவரை மூடிய சட்டை, பெரிய தொப்பி, நீளத் தூண்டில் தடியோடு வள்ளத்தில் நாள் முழுக்க நிற்பார்கள். கொடுவாதான் அவர்கள் தேடும் மீன். தூண்டிலில் பட்டதும் தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறுமாம். இப்போது கிடைப்பதே இல்லை என்பதால் அவர்களே குஞ்சு வாங்கித் தருவதாக முன்வந்திருந்தார்கள்.

எங்கள் வேலை என்ன என்று உத்தியோகத்தர் விளக்கினார். குஞ்சுகளை வந்த கையோடு களப்பில் விட்டால் பெரிய மீனும் நீர்க்காகமும் ஒரே நாளில் முடித்துவிடும். கரைக்குப் பக்கத்தில் வலைக்கூடு கட்டி, கை நீளத்துக்கு வளரும்வரை தீனி போட்டுக் காக்க வேண்டும். பிறகு கூட்டைத் திறந்துவிட வேண்டும்.

பின்வரிசையில் இருந்து என் மச்சான் எழும்பினார். கணவருடைய மூத்த சகோதரர். களப்பில் றால் வலை போடுகிறவர்.

"மிஸ், ஒரு கேள்வி. இந்தக் கொடுவா என்ன திண்ணும்?"

"சின்ன மீன் திங்கும்," என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "றாலும் திங்கும்," என்று உண்மையையே சொன்னார்.

"அப்ப எங்கட வயித்துல அடிக்கத்தான் கொழும்பால இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. டொக்டர் சிரிக்கவில்லை. அண்ணன் முறை வைத்து மச்சானிடம் கேட்டார்.

"நானா, முந்தி இந்தக் களப்புல ரெண்டும் இருந்ததுதானே? கொடுவாவும் இருந்தது, றாலும் இருந்தது."

"முந்தி வலையும் குறைவு, ஆளும் குறைவு, டொக்டர்."

கூட்டம் அத்தோடு கலைந்தது. ஆண்களில் பலர் மச்சான் பக்கம். மற்றவர்களுக்கு வேலை. கடைசியில் பெயர் கொடுத்தவர்கள் நாங்கள் சில பெண்களும், ஓய்வுபெற்ற இரண்டு மூன்று ஆண்களும்தான். ஆண்களும் ஆரம்பத்தில் மட்டும் வந்து கூடு கட்ட உதவினார்கள். குழாய்களைப் பொருத்திச் சட்டம் செய்து, நீல பெரல்களை மிதக்கக் கட்டி, அதில் வலையைத் தொங்கவிட்டோம். இரண்டு கூடுகள். மார்பளவுத் தண்ணீரில் கல் கட்டி நிறுத்தினோம்.

லொறி வந்த அன்று நாங்கள் செய்த முதல் வேலை ஒன்றும் செய்யாமல் நிற்பது. பைகளை அவிழ்க்காமல் கூட்டுக்குள் மிதக்கவிடச் சொன்னார் உத்தியோகத்தர். பைத் தண்ணீரின் சூடும் களப்புத் தண்ணீரின் சூடும் ஒன்றாக வேண்டும். பிறகு வாயை அவிழ்த்து, ஒரு கோப்பை களப்புத் தண்ணீர் ஊற்றி, பொறுத்து, இன்னொரு கோப்பை ஊற்ற வேண்டும்.

"கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். சட்டெண்டு விட்டா பயந்து செத்துப் போறது," என்றார்.

"மனுசரும் அப்பிடித்தான்," என்றார் ராத்தா. மார்பளவுத் தண்ணீரில் பையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

சில பைகளில் குஞ்சுகள் அடியில் வெளுத்துக் கிடந்தன. வரும் வழியில் ஏதோ ஒரு சந்தியில் லொறி வெயிலில் நின்றுவிட்டதாம். அவற்றை ஒரு பேசினில் ஊற்றிக் கரையில் வைத்தோம். காகங்கள் உடனே வந்துவிட்டன. மற்றவை பையின் வாயிலிருந்து வெளியே வந்து, வலையோரமாகக் கூட்டம் கூடி, எல்லாம் ஒரே பக்கம் முகம் பார்த்து நின்றன. அவை நின்ற விதம் பள்ளிக்கூடத்தின் முதல் நாள் போல இருந்தது. ஆனால் அந்தக் குஞ்சுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இல்லை என்பது இரண்டாம் கிழமையே தெரிந்துவிட்டது.

தீனி என்பது சூடை மீன். அதை முள்ளோடு நன்றாகக் கொத்தி, கை கையாகத் தூவ வேண்டும். காலையில் நானும் ராத்தாவும் போடுவோம், மாலையில் வேறு இருவர் வருவார்கள். ஒருநாள் தூவிக்கொண்டிருக்கும்போது ஒரு குஞ்சு வித்தியாசமாக நீந்துவதைக் கண்டேன். அதற்கு இரண்டு வால்கள் இருந்தன. பின்னால் ஒன்று, வாயில் ஒன்று. கோப்பையால் அள்ளிப் பார்த்தால், தன் அளவில் முக்கால்வாசி இருக்கும் இன்னொரு குஞ்சைத் தலைவழியாக விழுங்கி, முடிக்க முடியாமல் நின்றது. விழுங்கியதும் செத்தது, விழுங்கப்பட்டதும் செத்தது.

நான் உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, அது அப்பிடித்தான்," என்றார். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை. "பெரிசு சின்னத திங்கும். அளவு பாத்துப் பிரிக்கணும். நான் நாளைக்கு வாறேன்."

வரும்போது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடைகளைக் கொண்டுவந்தார். ஓட்டை சிறிதாக ஒரு கூடை, பெரிதாக ஒரு கூடை. கூடையைத் தண்ணீருக்குள் பாதி அமிழ்த்திக் குஞ்சுகளை அள்ளிப் போட்டால், சின்னவை ஓட்டை வழியாகக் கீழே போய்விடும், பெரியவை மிஞ்சும். சின்னவற்றை ஒரு கூட்டிலும் பெரியவற்றை மற்றதிலும் விட வேண்டும். சில நாட்களில் சின்னவற்றிலேயே சில பெரிதாகிவிடும். மறுபடி பிரிக்க வேண்டும். அந்த வேலை கடைசிவரை முடியவில்லை. அவற்றுக்குச் செவுளின் ஓரத்தில் கத்தி போல ஒரு முள் இருக்கிறது. கவனமில்லாமல் பிடித்தால் விரலைக் கிழித்துவிடும். எங்கள் எல்லோருடைய விரல்களிலும் அப்போது பிளாஸ்டர் இருந்தது. கறிக்கு மிளகாய் அரைத்த பிறகு அந்தக் காயங்கள் எரிகிற எரிச்சலைச் சொல்லத் தேவையில்லை.

பெண்கள் பட்டப்பகலில் களப்பில் உடுப்பு நனைய நிற்பது பற்றிப் பள்ளிக்குப் பின்னால் யாரோ கதைத்தார்களாம். மச்சான் அதைக் கேட்டுவிட்டு, "ஏலுமெண்டா நீங்க போய் நில்லுங்க, அவங்க வீட்டுக்கு வருவாங்க," என்று சொன்னாராம். என் கணவர்தான் இரவு சாப்பிடும்போது சொன்னார். மச்சான் என்னிடம் அந்தக் காலம் முழுக்க மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டைத் தாண்டித் தோணியில் போகும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

குஞ்சுகள் கை நீளத்துக்கு வந்துவிட்டன. வெள்ளைக் கோடு மறைந்து உடம்பு வெள்ளி நிறமானது. கண்கள் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சிவப்பாக மின்னின. தீனி தூவக் கையைத் தூக்கினாலே மேலே வந்து தண்ணீரை அடிக்கும். டொக்டர் சனிக்கிழமைகளில் வந்து கூட்டோரம் நின்று பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மட்டும், "நான் சின்னப் பிள்ளைல என்ட வாப்பாவோட இங்க வந்து பிடிச்சிருக்கிறேன். இந்தக் கரைலதான்," என்றார். பிறகு ராத்தாவிடம் இடியப்பம் வாங்கித் தன் வள்ளத்தில் ஏறிப் போனார்.

கூட்டைத் திறக்கும் நாள் குறிக்கப்பட்டது. ஒரு பிரமுகர் வந்து குஞ்சு விடுவார் என்றார்கள். கரையில் பந்தல் போடுவதற்குத் தடிகள் வந்து இறங்கின. பள்ளிக்கூடத்திலிருந்து கதிரைகள் கேட்டிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் நீல நிறத்தில் தொப்பி வரும் என்றும் கதை இருந்தது. அது கடைசிவரை வரவில்லை.

விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது மழை பிடித்தது. மாரியில் மழை புதிதில்லை. ஆனால் அன்று பிற்பகலில் தொடங்கியது விடியும்வரை விடாமல் கொட்டியது. சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்து பார்த்தால் மழை நின்றிருந்தது. காற்று துளியும் இல்லை. வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. ராத்தாவின் வீட்டில் அடுப்புப் புகை இல்லை. அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்தபடி களப்புப் பக்கமிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"மேல வந்து வாயப் பிளந்துகொண்டு நிக்கிது. எல்லாம். வா."

நான் ஓடினேன். களப்பு கரையோரம் கறுத்துத் தேநீர் நிறத்தில் இருந்தது. தோட்டங்களில் இருந்து வரும் வாய்க்கால் பெருகி நேரே எங்கள் கூடுகளின் பக்கம் கொட்டியது. அதோடு வெங்காயத் தாள், அழுகிய இலை, யாரோ தோட்டத்தோரம் குவித்து வைத்திருந்த கோழி எரு, எல்லாம் வந்திருந்தன. நாற்றம் தாங்க முடியவில்லை. இரண்டு கூட்டிலும் மீன்கள் மேற்பரப்பில் நெருக்கமாக மிதந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரின் மேல் மழைத்துளி விழுவது போல மெல்லிய சத்தம் கேட்டது. மழை பெய்யவில்லை. அது அவற்றின் வாயிலிருந்து வந்த சத்தம்.

உத்தியோகத்தருக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. அவர் ஏதோ பயிற்சிக்காகக் கண்டிப் பக்கம் போயிருந்தது எனக்குத் தெரியும். திரும்பவும் எடுத்தேன். பதில் இல்லை. பிறகு டொக்டருக்கு எடுத்தேன். அவர் உடனே எடுத்தார்.

"சாகத் தொடங்கிட்டுதா?"

"இன்னும் இல்ல. ஆனா சரியில்ல, டொக்டர். தண்ணி கறுத்துப்போய் கிடக்கு."

"நான் இப்பவே வெளிக்கிடுறேன். காத்து அடிக்கிற மெஷின் ரெண்டு கொண்டுவாறேன். வந்துசேரப் பகலாகும். கூட்டத் திறக்க வேணாம், அந்த அழுக்குக்குள்ள விட்டா எல்லாம் போயிரும். அதோட விழாவும் இருக்கு. பொறுங்க."

தொலைபேசியை மூடிவிட்டு ராத்தாவிடம் சொன்னேன். அவர் கூட்டைப் பார்த்தார். பந்தல் தடிகளைப் பார்த்தார்.

"பகலைக்கு அவர் வாற நேரம் இதெல்லாம் வயித்தக் காட்டிக்கொண்டு மிதக்கும்."

டொக்டர் சொன்னதிலும் பிழை இல்லை. கூட்டைத் திறந்தால் அந்த அழுகல் தண்ணீருக்குள்ளேதான் மீன்கள் போகும். திறக்காவிட்டால் அதற்குள்ளேயே நிற்கும். அவற்றைத் தூக்கி நல்ல தண்ணீருக்குக் கொண்டுபோக எங்களிடம் வள்ளம் இல்லை. நான் அவ்வளவு நேரமும் கையில் சூடை மீன் வாளியைத் தூக்கி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கீழே வைத்தேன்.

தெற்கிலிருந்து தோணி எஞ்சின் சத்தம் கேட்டது. மச்சான் இரவு போட்ட வலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கம் போல எதிர்ப்பக்கம் பார்த்தபடி போகப் பார்த்தார். நான் தண்ணீருக்குள் இறங்கிக் கையைக் காட்டினேன். அவர் எஞ்சினைத் தணித்தார்.

"மச்சான், முனைக்கு அங்கால தண்ணி எப்பிடி?"

"தெளிவு. இந்தக் கழிவு முனை தாண்டிப் போகல்ல. ஏன்?"

நான் கூட்டைக் காட்டினேன். அவர் தோணியைக் கிட்டக் கொண்டுவந்து எட்டிப் பார்த்தார். அவருடைய தோணியின் அடியில் அன்றைய றால் ஒரு பேசின் கூட நிறையாமல் கிடந்தது.

"என்ட றாலத் திண்ணப் போற மீன என்ட தோணியிலயே ஏத்திக் கொண்டுபோய் விடச் சொல்லுற. அப்பிடித்தானே?"

"ஓம்," என்றேன்.

அவர் மறுபடி குனிந்து மீன்களைப் பார்த்தார். மீன் சாகும்போது எப்படி இருக்கும் என்பது அவருக்கு நாள்தோறும் பழக்கம். ஆனால் வலையில் துடித்துச் சாவதும் இப்படி வாயைத் திறந்து நிற்பதும் ஒன்றில்லை என்று நான் நினைத்தேன். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகும் கேட்கவில்லை.

"வாளி இருக்கா?" என்றார். "பேசின்? பெரிய சாமான் ஏதும்?"

ராத்தா கரையேறி ஓடினார். பக்கத்து வீடுகளில் இருந்து பேசின்கள், கந்தூரிக்குச் சோறு வடிக்கும் பெரிய சட்டி, மழைத் தண்ணீர் பிடிக்கும் நீல பெரல், பிள்ளைகள் குளிக்கும் தொட்டி, எல்லாம் வந்தன. சாமான்களோடு பெண்களும் வந்தார்கள். மச்சான் முதலில் தனியாக முனைக்கு அப்பால் போய் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தார். நாங்கள் கூட்டின் வலையை ஒரு பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கி மீன்களை ஒரு மூலைக்கு ஒதுக்கினோம். ராத்தா மார்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று, கூடையால் அள்ளி அள்ளித் தோணிக்கு நீட்டினார். நான் தோணிக்குள் இருந்து வாங்கி ஊற்றினேன்.

"கனக்கப் போடாத," என்றார் மச்சான். "ஒண்டு மேல ஒண்டு ஏறினா அதுலயே போயிரும்."

கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பழக்கச் சொன்ன உத்தியோகத்தரின் குரல் எனக்கு நினைவு வந்தது. அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

முனை என்பது கண்டல் மரங்கள் அடர்ந்து களப்புக்குள் நீண்டிருக்கும் ஒரு நாக்கு. அதைத் தாண்டியதும் கடல் பக்கமிருந்து நீர் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் பச்சையாக, அடியில் இருக்கும் சாட்டாமாறு தெரியுமளவு தெளிவாக இருந்தது. சாட்டாமாறு என்பது அங்கே வளரும் நீர்ப்புல். மச்சான் எஞ்சினை நிறுத்தினார். நான் முதல் பேசினைத் தோணி விளிம்பில் சாய்த்தேன்.

நான் ஏதோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. பேசினிலிருந்து சரிந்த மீன்கள் ஒரு கணம் அப்படியே நின்றன. செவுள்கள் திறந்து மூடின. பிறகு முதலாவது புல்லுக்குள் இறங்கியது. அதன் பின்னால் மற்றவை. தண்ணீரில் அவை நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அவ்வளவுதான். சில பக்கவாட்டாகச் சாய்ந்து மிதந்தன. மச்சான் அவற்றை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். சில உதறிக்கொண்டு போயின. சில போகவில்லை.

கண்டல் மரத்தில் நீர்க்காகங்கள் இருந்தன. நான் தோணித் தடியால் தண்ணீரில் அடித்து விரட்டினேன். அவை கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன.

எத்தனை தரம் போய்வந்தோம் என்று எண்ணவில்லை. கடைசி நேரத்தில் கூட்டில் மிச்சமிருந்தவற்றில் பாதி சாய்ந்து மிதந்துவிட்டன. ராத்தாவின் உதடு நீலமாகியிருந்தது. தோணியில் ஏறி உட்காரச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கரைக்கு நடந்து போய் மணலில் இருந்தார். அன்று ஊரில் கடைகளுக்கு இடியப்பம் போகவில்லை. ஆட்கள் பாண் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

டொக்டர் வந்தபோது கூடுகள் காலியாக இருந்தன. வாகனத்திலிருந்து மெஷின்களைக்கூட இறக்கவில்லை. கரையில் செத்த மீன்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. அவற்றுக்கு முன்னால் நின்றார்.

"நான் பொறுக்கச் சொன்னேனே," என்றார்.

"சொன்னீங்க," என்றார் ராத்தா. "மீனுக்கு விளங்கல்ல."

"எங்க விட்டீங்க?"

நான் முனையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. "பழக்காம விட்டா பாதிக்கு மேல போயிரும். மெஷின் வந்திருந்தா எல்லாத்தையும் காப்பாத்தியிருக்கலாம்," என்றார். அப்படி நடந்திருக்கலாம். நடக்காமலும் போயிருக்கலாம். எங்களில் யாருக்கும் அது தெரிய வழியில்லை. அவர் போகும்போது சலாம் சொல்லாமல் போனார்.

உத்தியோகத்தர் மறுநாள் வந்தார். பஸ்ஸில் அழுதுகொண்டு வந்திருப்பார் என்று கண்களைப் பார்த்தால் தெரிந்தது. ஒக்சிசன் அளக்கும் கருவி ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். வாய்க்கால் தண்ணீர் அப்போது ஓரளவு தெளிந்திருந்தது. அப்படியிருந்தும் எண்ணைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"அக்கா, இதுல மீன் உசிரோட இருக்க ஏலாது. நீங்க செஞ்சது சரி." கருவியைத் துடைத்தபடி, "ஒண்டும் மிச்சமில்லயா? விழாவுக்கு அவர் வாறாரே," என்றார்.

மிச்சம் இருந்தது. கூட்டில் சாய்ந்து மிதந்தவற்றில் சிலவற்றை ராத்தா தன் வீட்டு நீல பெரலில் போட்டு, வாளியால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிப் பிழைக்க வைத்திருந்தார். ஒரு சட்டி நிறைகிற அளவு இருக்கும். விழா நாளில் பந்தல் இருந்தது, கதிரைகள் இருந்தன. பிரமுகர் வந்தார், பேசினார், காற்சட்டையை மடித்துக்கொண்டு கணுக்காலளவுத் தண்ணீரில் இறங்கி, அலங்கரித்த பாத்திரத்திலிருந்து அந்த ஒரு சட்டி மீனைக் களப்பில் ஊற்றினார். எல்லோரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். மற்றவை எங்கே என்று அவர் கேட்கவில்லை. டொக்டர் வரவில்லை. மச்சான் தூரத்தில் தோணியில் வலை தட்டிக்கொண்டிருந்தார். பந்தலுக்கு வாங்க என்று ஆள் அனுப்பியும் வரவில்லை.

அதற்குப் பிறகு நாட்கள் வழக்கம் போல ஆகின. கூட்டுச் சட்டத்தை உத்தியோகத்தர் எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "மழை பெஞ்சது எண்டு சொன்னேன்," என்றார். காலையில் தீனி தூவப் போகாமல் வீட்டில் இருப்பது எனக்குக் கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது. சூடை மீன் வாங்கினால் கை தானாக அதைச் சின்னதாகக் கொத்தும். பிள்ளைகள், "உம்மா, நாங்க கொடுவா இல்ல," என்பார்கள்.

அடுத்த வருடம் ஒருநாள் மச்சான் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் வந்து ஒரு மீனைப் போட்டார். முழங்கை நீளம். வெள்ளி உடம்பு, செவுளோரம் அந்த முள்.

"முனைக்கு அங்கால பட்டுது. அறு."

"எங்கட மீனா, மச்சான்?"

"நெத்தியில எழுதியா இருக்கு? அறு."

நான் வயிற்றைக் கீறினேன். அவர் குந்தியிருந்து விரலால் கிளறிப் பார்த்தார். உள்ளே சின்னச் சின்ன மீன்கள், ஒரு நண்டுக் கால், பிறகு ஒரேயொரு றால். பாதி கரைந்திருந்தது. அந்த றாலை மீசையைப் பிடித்துத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லயா?"

அவருடைய முகத்தில் இருந்த திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த மீனை அன்று பாதி குழம்பு வைத்து, பாதி பொரித்தோம். மச்சான் வீட்டுக்கும் ராத்தா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். நல்ல ருசி. அது நாங்கள் வளர்த்த மீன்தானா என்பது இப்போதும் எனக்குத் தெரியாது. கொடுவா வேறு இடத்திலிருந்தும் வரலாம். மச்சானுக்கும் மற்றவர்களுக்கும் பிறகு இடையிடையே ஒன்றிரண்டு பட்டன. சந்தையில் றாலை விட அதற்கு மரியாதை அதிகம் என்பதால் மச்சான் இப்போது முன்போல ஏசுவதில்லை. நல்லது என்றும் சொல்வதில்லை.

டொக்டர் நீண்டநாள் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். முன்பு போல வள்ளத்தில் போகாமல், முனைக்குப் போகும் மணல் திட்டில் நின்று தூண்டில் எறிந்தார். நானும் ராத்தாவும் கடைக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தோம். ராத்தா சலாம் சொன்னார். அவர் பதில் சலாம் சொன்னார். அப்போது தூண்டில் தடி வளைந்தது.

தண்ணீர் உடைந்து ஒரு மீன் மேலே பாய்ந்தது. தலையை இரண்டு பக்கமும் உதறியது. நாங்கள் வளர்த்த காலத்தில் அவை பாய்ந்து நான் கண்டதில்லை. தீனிக்கு மேலே வருவதை மட்டும்தான் கண்டிருந்தேன். டொக்டர் பின்னால் நடந்து, முன்னால் நடந்து, சுற்றிச் சுற்றி இழுத்தார். கரைக்கு வந்ததும் கைகளை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கினார். என்னிடம் தொலைபேசியைத் தந்து படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பிறகு அவர் குனிந்து தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது உதறிக்கொண்டு போகும்வரை நின்றார்.

ராத்தா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப விடுறதுக்கு எதுக்கு டொக்டர் பிடிச்சீங்க?"

அவர் சிரித்தார். மண்டபத்தில் கண்ட நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"பிடிக்கத்தான்," என்றார்.

"விசர்," என்றார் ராத்தா, அவருக்குக் கேட்கும்படியாகவே. பிறகு, "பகலைக்கு எங்கட வீட்டுல சாப்பிடுங்க. கணவாய் இருக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தார். டொக்டர் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார்.